வைண்டர் டிரைவரின் புள்ளி

பேத்தி பெங்களூருவில் வேலைக்குப் போகிறாள். விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்பும் கோலார் தங்கவயல் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. ஆயுத பூஜைக்கு எனக்கு ஒரு ரேடியோ வாங்கி வந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற செட். மீடியம் வேவ், எஃப்.எம்., ஷார்ட்வேவ், கூடவே எஸ்.எஸ்.பி. என்று ஒரு பட்டன். முள் கிடையாது, கயிறு கிடையாது. சின்னக் கண்ணாடிக்குள் எண் ஓடுகிறது.

பாட்டு வைப்பேன் என்று எதிர்பார்த்து நின்றாள். நான் 10,000 என்று எண்ணை அடித்து, ஏரியலை முழுக்க இழுத்து, ஜன்னல் பக்கம் போனேன். மாலை ஏழு மணி இருக்கும். இரைச்சலுக்கு அடியில் சுவர்க் கடிகாரம் மாதிரி டிக், டிக், டிக்.

“என்ன தாத்தா, ஸ்டேஷனே இல்லாத இடத்துல வச்சிருக்கீங்க?”

“இதுதான் ஸ்டேஷன் கண்ணு. செட்டு சரியா இருக்கான்னு பார்க்கறேன்.”

“டிஸ்ப்ளேலதான் நம்பர் வருதே. அதுல என்ன தப்பு இருக்கப் போவுது?”

இந்தத் தைரியம் எனக்கும் இருந்தது, 1984-ல்.

அப்போது ராபர்ட்சன்பேட்டையில் எனக்கு ஒரு ரிப்பேர் கடை. கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பெஞ்சு, ஒரு சால்டரிங் அயர்ன், மேலே பலகையில் வயிறு திறந்து கிடக்கும் பத்துப் பதினைந்து செட்டுகள். மர்பி, புஷ், பிலிப்ஸ், நெல்கோ. அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அடியில் வேலை பார்த்தவர். மகன் அண்டர்கிரவுண்ட் இறங்காமல் மேலேயே இருந்து பிழைக்கட்டும் என்று என்னை ரேடியோ வேலை படிக்க அனுப்பினார்.

எங்கள் ஊரில் ரேடியோ என்றால் பாதிப் பேருக்கு சிலோன்தான். 1967-லேயே அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆகிவிட்டது. லைன் வீடுகளில் அந்தப் பெயரை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் பேசும் நாட்டில் வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள். மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் ஷார்ட்வேவில் ஏறி இறங்கி அலைபாய்ந்து வந்து பேசினால், அடுப்படி வேலை சற்று நிற்கும். அதனால் செட்டு ரிப்பேராகி வந்தால் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “சிலோன் புடிக்குதா?” என்பதுதான்.

அந்த வருடம் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு சிக்னல் ஜெனரேட்டர் வாங்கினேன். செகண்ட் ஹேண்டுதான். ஆனாலும் சாம்பல் நிற இரும்புப் பெட்டியும், பெரிய வட்ட டயலும், முடி போல மெல்லிய கோடுகளுமாகப் பார்க்கவே ஆஸ்பத்திரிச் சாமான் போல இருந்தது. வேண்டிய அலையை அதுவே உண்டாக்கித் தரும். அதைச் செட்டுக்குள் விட்டு, முள்ளை அந்த எண்ணுக்கு நேராக நிறுத்தலாம். அதுவரை நான் காதால்தான் அலைன்மெண்ட் செய்துகொண்டிருந்தேன். இது வந்த பிறகு எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது உண்மை.

அலைன்மெண்ட் என்றால் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேடியோ வெளியிலிருந்து வரும் அலையை அப்படியே கேட்பதில்லை. தனக்குள்ளே ஒரு குட்டி அலையை உண்டாக்கிக்கொள்கிறது. 7,200 கிலோஹெர்ட்ஸ் ஸ்டேஷன் வேண்டுமென்றால் உள்ளே 7,655 ஓடும். இரண்டையும் கலந்தால் வித்தியாசம் 455. அந்த 455-ஐத்தான் மற்ற பாகங்களெல்லாம் வடிகட்டி, பெருக்கி, பேச்சாக்குகின்றன. நாம் குமிழைத் திருகும்போது கேங் கண்டென்சரின் தகடுகள் நுழைந்து விலகி, அந்த உள் அலையை ஏற்றி இறக்குகின்றன. அதே குமிழில் சுற்றிய கயிறு முள்ளை இழுத்துக்கொண்டு போகிறது. கவனியுங்கள், முள்ளுக்கு அலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கயிறு எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டும்தான் தெரியும். கயிறும் அலையும் ஒத்துப்போகும்படி செய்வது மெக்கானிக்கின் வேலை. டயலின் கீழ்க் கோடியில் காயிலுக்குள் இருக்கும் திருகைத் திருப்ப வேண்டும். மேல் கோடியில் டிரிம்மரைத் திருப்ப வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும். மறுபடி கீழே, மறுபடி மேலே. இரண்டும் அசையாமல் நிற்கும்வரை இப்படியே. இரும்புத் திருப்புளி பக்கத்தில் போனாலே அலை மாறிவிடும் என்பதால் பிளாஸ்டிக் பின்னல் ஊசியின் முனையைத் தேய்த்துத் திருப்புளி செய்து வைத்திருப்போம். கடைசியில் ஒரு சொட்டு மெழுகு.

இதில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. மூன்று பேண்டு செட்டில் முதல் ஷார்ட்வேவ், 3 மெகாஹெர்ட்ஸிலிருந்து 8 வரை, பன்னிரண்டு சென்டிமீட்டர் டயலில் அடைக்கப்பட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு 42 கிலோஹெர்ட்ஸ். ஷார்ட்வேவில் ஸ்டேஷன்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் உட்கார்ந்திருக்கும். ஆக, ஒரு மில்லிமீட்டருக்குள் எட்டு ஸ்டேஷனுக்கு இடம். குமிழை நகத்தால் தட்டித் தட்டி நகர்த்திய தலைமுறைக்கு இது தெரியும்.

அந்த ஜெனரேட்டரை வைத்து அலைன்மெண்ட் செய்து அனுப்பிய செட்டுகளில் ஒன்று இரண்டு நாளில் திரும்பி வந்தது. தூக்கிக்கொண்டு வந்தவர் சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் டிரைவர். ஆட்களை ஏற்றிய கேஜை ஷாஃப்டுக்குள் இறக்கி ஏற்றுகிறவர். அதிகம் பேசமாட்டார். செட்டைப் பெஞ்சில் வைத்து டயல் கண்ணாடியில் விரலை வைத்தார். அங்கே நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் புள்ளி.

“இது என் பொண்ணு வச்ச புள்ளி தம்பி. சிலோனு இங்கதான் வரும். இப்ப புள்ளியத் தாண்டி வருது.”

முள்ளை நகர்த்திக் காட்டினார். புள்ளிக்கு வலப்புறம் ஒரு நெல் அகலம் தள்ளி சிலோன்.

“அண்ணே, முன்னாடி தப்பா இருந்துச்சு. இப்பதான் மெஷின் வச்சு சரி பண்ணியிருக்கேன். புள்ளியை அழிச்சிட்டுப் புதுசா வைங்க.”

அவர் அசையவில்லை. நான் அடுத்த காரணத்தை எடுத்தேன். பாறை வெடித்து பர்ஸ்ட் ஆனால் எங்கள் ஊரில் அலமாரிப் பாத்திரமெல்லாம் அதிரும். அதில் முள் கயிற்றில் வழுக்கியிருக்கும் என்றேன்.

“முள்ளு வழுக்கினா எல்லாமே தள்ளணும் இல்ல? மீடியம் வேவ்ல பெங்களூரு இருந்த எடத்துலயேதானே இருக்கு?”

பார்த்தேன். இருந்த இடத்திலேயே இருந்தது. ரேடியோ வேலை படித்தவன் நான். யோசித்துப் பார்த்தவர் அவர்.

பிறகு அவர் சொன்னதுதான் நாற்பது வருடமாக மனதில் நிற்கிறது. “நான் வேலை செய்யற எடத்துல கேஜ் கண்ணுக்குத் தெரியாது தம்பி. டயல்ல ஒரு முள்ளு, டிரம்ல ஒரு பெயிண்ட் கோடு. அதப் பார்த்துதான் ஆளுங்கள நிறுத்தறேன். ஆனா ரோப்பு நாளாவ நாளாவ நீளும். நீண்டா கோடு பொய் சொல்லும். அப்ப கேஜ மேல லேண்டிங்ல நெசமா நிறுத்திப் பார்த்து, அதுக்கேத்தாப்புல கோட்ட மாத்துவோம். உன் மெஷின் டயல்ல கோடு போட்டாங்களே, எதப் பார்த்துப் போட்டாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. செட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

பதில் டெல்லியில் இருந்தது. அங்குள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், இந்திய நேரத்தின் காவலாளி. அந்த நாட்களில் கிரேட்டர் கைலாஷிலிருந்து ஏ.டி.ஏ. என்ற அழைப்புக்குறியோடு ஓர் ஒலிபரப்பை அது நடத்திக்கொண்டிருந்தது. பாட்டும் கிடையாது, செய்தியும் கிடையாது. விநாடிக்கு ஒரு டிக். அது நேரம் சொல்வதற்கு மட்டும் அல்ல. அந்த அலை மிகச் சரியாக 10 மெகாஹெர்ட்ஸ், அதுதான் முக்கியம். அணுக் கடிகாரம் வைத்திருக்கிறவர்கள் விடும் அலை. இந்தியா முழுக்க உள்ள லேபுகளும் தொழிற்சாலைகளும் தங்கள் கருவிகளை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக்குக்கும் அது இலவசம்தான். ஆனால் அதுவரை அந்த டிக் டிக்கைத் தாண்டித்தான் நான் முள்ளை நகர்த்திப் போயிருந்தேன்.

அன்று ராத்திரி கடையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். என் சொந்த செட்டில் டெல்லி டிக்கைப் பிடித்தேன். ஜெனரேட்டரை 5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வைத்து, அதன் ஒயரை ஏரியலுக்கு அருகே தொங்கவிட்டேன். ஏன் 5? எந்த ஜெனரேட்டரும் தன் அலையோடு அதன் இரண்டு மடங்கையும் கொஞ்சம் கசியவிடும். 5-ன் இரண்டு மடங்கு 10. அது டெல்லியோடு மோத வேண்டும்.

டயலை மெல்லத் திருப்பினேன். ஸ்பீக்கரில் எங்கோ உயரத்தில் ஒரு கீச்சு விசில். இன்னும் திருப்ப, விசில் இறங்கியது. கொசு ரீங்காரம், புல்லாங்குழல், வண்டு, உறுமல். பிறகு சத்தமே இல்லாமல் டிக் மட்டும் பொங்கிப் பொங்கித் தாழ்ந்தது. இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் உறுமல் மறுபடி ஏறத் தொடங்குகிறது. தம்புராவின் இரண்டு தந்திகளைச் சேர்க்கும்போது ‘வொய்ங்... வொய்ங்...’ என்று அலைந்து, அலைவு மெதுவாகி, ஒரே நாதமாக நிற்குமே, அதே சங்கதிதான். இரண்டு அலைகளின் வித்தியாசம்தான் நமக்கு விசிலாகக் கேட்கிறது. வித்தியாசம் பூஜ்யமானால் விசிலும் பூஜ்யம். மெக்கானிக்குகள் இதை ஜீரோ பீட் என்பார்கள்.

விசில் செத்த இடத்தில் ஜெனரேட்டரின் டயலைப் பார்த்தேன். 5.0 இருக்க வேண்டும். 5.1 காட்டியது.

இரண்டு சதவீதம். 7 மெகாஹெர்ட்ஸில் அது 140 கிலோஹெர்ட்ஸ். டயலில் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு நெல் அகலம்.

நோட்டைப் புரட்டினேன். அந்தப் பெட்டியை வைத்து முள் திருத்திய செட்டுகள் பதினொன்று. ஒன்பதை வீடு வீடாகப் போய் வாங்கி வந்து காசு வாங்காமல் திருத்திக் கொடுத்தேன். மற்ற இரண்டும் ஊரைவிட்டே போயிருந்தன. ஜெனரேட்டரை எறியவில்லை. அதன் கண்ணாடியில் ஒரு காகிதத் துண்டு ஒட்டி, எந்த எண்ணுக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று எழுதிவைத்தேன். தப்பு எவ்வளவு என்று தெரிந்த கருவி நல்ல கருவிதான். அதன் பிறகு பத்து வருடம் எனக்கு உழைத்தது.

இதையெல்லாம் பேத்திக்குச் சொன்னபோது அவள் கேட்டது நியாயமான கேள்வி. “அது முள்ளு வச்ச செட்டு தாத்தா. இதுல முள்ளே இல்லையே?”

முள் இல்லைதான். ஆனால் எண் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் எங்கள் ஊர்க் கல் கதைக்குள் வருகிறது. சாம்பியன் ரீஃபில் தங்கம் குவார்ட்ஸ் பாறையின் நரம்புகளுக்குள்தான் ஒளிந்திருந்தது. வெட்டி, ஏற்றி, இடித்து, மாவாக்கி, சயனைடில் கரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டினார்கள். அந்த மிச்சம்தான் இன்று ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகள். அந்தக் கல்லின் தூசு நெஞ்சில் தங்கினால் சிலிக்கோசிஸ். சுரங்கத்தில் வேலை செய்த பலர் தங்கத்தைக் கையில் தொட்டதில்லை, குவார்ட்ஸைச் சுவாசித்தார்கள்.

அதே குவார்ட்ஸ்தான் டிஜிட்டல் ரேடியோவின் இதயம். நம் மேட்டிலிருந்து எடுத்தது அல்ல, தொழிற்சாலையில் வளர்க்கப்பட்ட தூய படிகம். 1880-ல் பாரிஸில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார்கள். திருப்பிச் சொன்னால், மின்சாரம் கொடுத்தால் படிகம் துடிக்கும். வெட்டிய அளவுக்கேற்ற ஒரே வேகத்தில் துடிக்கும். ஒற்றைச் சில்லில் இயங்கும் டிஜிட்டல் செட்டுகள் பலவற்றில் இருப்பது கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே படிகம். பள்ளிக்கூட லேபில் பார்த்த இசைக்கவை வடிவம், அரிசியைவிடச் சிறியது. விநாடிக்கு 32,768 தடவை அதிரும். அந்த விநோத எண்ணுக்குக் காரணம் உண்டு: பதினைந்து முறை பாதி பாதியாக்கினால் 1 வரும், கடிகாரத்துக்கு விநாடி கிடைக்கும். ரேடியோவோ அதே துடிப்பைப் பெருக்கி 7,200-ஐயும் 10,000-ஐயும் செய்துகொள்கிறது.

ஆக, கண்ணாடியில் தெரியும் எண் அளந்து சொன்னது அல்ல; கணக்குப் போட்டுச் சொன்னது. படிகம் 32,768 தடவைதான் துடிக்கிறது என்று நம்பிப் போட்ட கணக்கு. படிகம் கொஞ்சம் சோம்பினால் எல்லா எண்ணும் அதே விகிதத்தில் தப்பும். டிரம்மில் இருக்கும் பெயிண்ட் கோடு போல.

வீட்டில் எஸ்.எஸ்.பி. இல்லாத செட் வைத்திருக்கிறவர்கள் இதை மீடியம் வேவிலேயே பார்க்கலாம். நம் நாட்டில் மீடியம் வேவ் ஸ்டேஷன்கள் எல்லாம் 9-ன் மடங்குகளில் இருக்கும். பெங்களூரு 612, சென்னை 720, திருச்சி 936. 1975-ல் ஜெனீவாவில் முடிவாகி, 1978 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. 612-ல் நில்லுங்கள். ஒவ்வொரு கிலோஹெர்ட்ஸாக மேலே போய், ஒலி எங்கே கரகரக்கிறது என்று பாருங்கள். அதேபோல் கீழே. இரண்டுக்கும் நடு 612-ல் விழுந்தால் செட் நல்ல செட். நடு 615-ல் விழுந்தால் யோசிக்க வேண்டும். குமிழ் வைத்து எண்ணும் காட்டுகிற மலிவு செட்டுகளில் இது சகஜம். அவை உள் அலையை எண்ணி, அதிலிருந்து 455-ஐக் கழித்துக் காட்டும்; உள்ளே உண்மையில் 455 இல்லாமல் 458 இருந்தால் அந்த மூன்று எண்ணில் வந்து நிற்கும்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் செட்டில் 612-ஏ வராது. 610 வரும், அடுத்து 620. செட் கெட்டுப்போகவில்லை. அங்கே 10-ன் மடங்கு. பின்னாலோ பேட்டரி அறையிலோ 9, 10 என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அல்லது ஏதாவது பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். இதற்காக ஒரு செட்டைப் பிரித்துப் போட்டு என்னிடம் மூட்டையாகக் கொண்டுவந்தவர் உண்டு.

ஷார்ட்வேவில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. 15,000-ல் வர வேண்டிய ஸ்டேஷன் 14,090-லும் கேட்டால் டயலைச் சந்தேகப்படாதீர்கள். 455-ன் இரண்டு மடங்கு 910. அவ்வளவு தள்ளி விழுவது அதன் நிழல். சாதாரண செட்டுகளின் பிறவிக் குணம்.

எஸ்.எஸ்.பி. இருந்தால்தான் சோதனை ருசிக்கும். அந்தப் பட்டனை அமுக்கினால் செட் தன்னுடைய அலை ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, வருகிற அலையோடு மோதவிடுகிறது. அன்று ராத்திரி நான் ஜெனரேட்டரை வைத்துச் செய்த காரியம் இன்று ஒரு பட்டனுக்குள் இருக்கிறது. ஒப்பிட உறுதியான அலை வேண்டுமே? டெல்லியின் ஏ.டி.ஏ. இப்போது இல்லை. தமிழில் நான் ஷார்ட்வேவில் தேடிப் பிடித்த பி.பி.சி. தமிழோசையும் 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது. ரேடியோவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். எனக்கு அதற்கு நேரமில்லை, ஏனென்றால் டிக் டிக் இன்னும் வருகிறது. சீனாவின் பி.பி.எம். நிலையம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ்களில் விநாடி விடுகிறது. ஒவ்வொரு மணிக்கும் 29-ஆவது, 59-ஆவது நிமிடத்தில் மோர்ஸில் பெயர் சொல்லி, பிறகு ஒரு பெண் குரல் சீன மொழியில் பேசும். பேத்தி வாங்கி வந்த செட்டில் நான் பிடித்த டிக் டிக்கும் அதுதான். அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி., ஹவாய்த் தீவுகளில் அதன் தங்கை டபிள்யூ.டபிள்யூ.வி.எச். இரண்டும் இதே எண்களில் உண்டு. ஒன்றில் ஆண் குரல், மற்றதில் பெண் குரல். நம் பக்கம் அவை கேட்பது அதிர்ஷ்டம். மாஸ்கோவின் ஆர்.டபிள்யூ.எம். நாலு தள்ளி 9,996-ல்.

விசிலைப் பூஜ்யமாக்கிப் பார்க்கலாம். ஆனால் இந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனி கேட்காது. எங்கே செத்தது என்று தெரியாமல் காது ஏமாறும். பேத்தியின் போன் அங்கே கைகொடுத்தது. வேண்டுமென்றே ஒரு கிலோஹெர்ட்ஸ் கீழே, 9,999-ல் நிறுத்தி, மேல் பக்க எஸ்.எஸ்.பி.யைப் போடுங்கள். செட் துல்லியமாக இருந்தால் விசில் மிகச் சரியாக 1,000 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். ஒலியின் அலைவெண்ணைக் காட்டும் ஆப் எத்தனையோ இலவசமாக இருக்கின்றன. அவள் ஒன்றை இறக்கி, போனை ஸ்பீக்கரிடம் நீட்டினாள்.

“ஆயிரத்து எண்பது வருது தாத்தா.”

“போன் சரியா சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?” என்று நானே கேட்டுவைத்தேன். வைண்டர் டிரைவர் கேட்டிருப்பார். போனுக்குள்ளும் ஒரு படிகம்தான். அது லட்சத்தில் ஐந்து தப்பினாலும் ஆயிரம் ஹெர்ட்ஸில் இருபதில் ஒரு பங்கு ஹெர்ட்ஸ்தான் பிசகும். 80-க்கு முன்னால் அது தூசு.

செட் 80 ஹெர்ட்ஸ் கீழே நிற்கிறது. 10 மெகாஹெர்ட்ஸில் 80 என்றால் பத்து லட்சத்துக்கு எட்டு. குற்றவாளி யார்? படிகமாக இருந்தால் தப்பு அலைவெண்ணோடு சேர்ந்து வளரும். எஸ்.எஸ்.பி.க்காகச் சேர்க்கும் அலைதான் தப்பு என்றால் எங்கே போனாலும் அதே 80 இருக்கும். அன்று இரவு பத்து மணிக்கு 4,999-ல் கேட்டோம்: 1,040. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் 14,999-ல்: 1,120. நாற்பது, எண்பது, நூற்றிருபது. சந்தேகமே இல்லை, படிகம்.

“இந்த எண்பதால என்ன நஷ்டம்?” என்றாள். பாட்டு, செய்தி கேட்க ஒரு நஷ்டமும் இல்லை. ஹாம்காரர்கள் எஸ்.எஸ்.பி.யில் பேசுவதைக் கேட்டால் குரல் லேசாகக் கனக்கும் அல்லது மெலியும். 300 தள்ளினால் வாத்துப் பேசுவது போலாகும். 80-க்கு அது கூட இல்லை. சில புது செட்டுகளில் பட்டனை அழுத்திப் பிடித்து இந்தத் தப்பைத் திருத்திவைக்கும் வசதியும் உண்டு. நான் திருத்தவில்லை. செட்டின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டி, 10-க்கு 80 என்று எழுதிவைத்தேன். பழைய ஜெனரேட்டர் பழக்கம்.

சுரங்கம் ஓடிய காலத்தில் ஊரின் கடிகாரம் ஷிஃப்ட் சங்குதான். சங்கைக் கேட்டு கைக்கடிகாரத்தைத் திருத்துவார்கள், அடுப்பில் உலை வைப்பார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியபின் சங்கும் அடங்கியது. சங்கு ஊதியவர் எதைப் பார்த்து ஊதினார் என்று நான் யாரிடமும் கேட்டுவைக்கவில்லை. ரேடியோவில் செய்திக்கு முன் வரும் பீப் பீப்பை வைத்துத்தான் இருக்க வேண்டும் என்று வைண்டர் டிரைவர் ஒருமுறை சொன்னார். செட்டைத் திருத்திக் கொண்டுபோய்க் கொடுத்த நாளில். சிலோன் புள்ளியின் மேல் நின்றது. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்துவிட்டு, “ம்” என்றார். அவ்வளவுதான் அவர் கொடுத்த சர்டிஃபிகேட்.

டிசம்பரில் ஒரு நாள் விடியற்காலை விழிப்புத் தட்டியது. தங்கவயலின் மார்கழி தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் சும்மாவா குட்டி இங்கிலாந்து என்றான். செட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பால்காரர் வண்டி போன பிறகு தெரு அடங்கியிருந்தது. சயனைடு மேட்டுக்கு மேல் பனி. தெர்மாமீட்டரில் 14 டிகிரி. அரைமணி நேரம் செட்டைக் குளிரில் வைத்துவிட்டு 9,999-ஐப் போட்டேன். பேத்தி ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்திலும் போனை நீட்டினாள்.

1,122.

இந்த இசைக்கவைப் படிகம் 25 டிகிரிக்கு வெட்டப்பட்டது. அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் வேகம் குறையும். குளிருக்கும் அதே சோம்பல்தான், சித்திரை வெயிலுக்கும் அதே சோம்பல்தான். 11 டிகிரி விலகினால் பத்து லட்சத்துக்குச் சுமார் நாலு கூடும் என்று கணக்கு. எட்டும் நாலும் பன்னிரண்டு. சரியாக வந்தது.

“ரயிலுக்கு நேரமாச்சு தாத்தா.”

“ஒரு பத்து நிமிஷம் இரு கண்ணு.” செட்டை ஸ்வெட்டருக்குள் விட்டு, மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்குள்ளிருந்து டிக் டிக் என்று கேட்டது. அவள் சிரித்துக்கொண்டே போனை என் மார்பில் வைத்தாள். 1,110. 1,101. 1,094. எண் இறங்கிக்கொண்டே வந்தது. 1,089-ல் நின்றபோது கோரமண்டல் ஸ்டேஷன் பக்கமிருந்து ரயிலின் ஹாரன் கேட்டது. போனைப் பிடுங்கிக்கொண்டு படியில் ஓடினாள்.